கல்யாணப் பந்தியில் சொன்ன சேஃப்லிஸ்ட் கதையின் மீதி

அன்புள்ள மகள் உமாவுக்கு,

தபால்காரர் கையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். பயப்படாதே. இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. பெரியம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் இந்த வயதில் இவ்வளவு அழகாக ஏறி யாருக்கும் பார்த்ததில்லை என்று டாக்டரே சொன்னார். இந்தக் காலத்தில் எதற்குத் தபால் என்று கேட்பாய். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய். உன்னை ஆறாம் வகுப்பிலிருந்து கரமனை வீட்டில் வைத்து வளர்த்தவனுக்கு உன் படிக்கிற லட்சணம் தெரியாதா? பெற்றவன் என் தம்பி, பம்பாயில் இருக்கிறான், சரி. ஆனால் உனக்குப் புத்தி சொல்லும் பொறுப்பை அவன் என்னிடம் கொடுத்தது கொடுத்ததுதான், உன் கல்யாணத்தோடு அது முடிந்துவிடவில்லை.

உன் அப்பாதான் போனில் சொன்னான். வருகிற திங்கட்கிழமை மாப்பிள்ளை கோயம்புத்தூர் பம்பு கம்பெனியில் ராஜினாமா கடிதம் கொடுக்கப் போகிறாராம். இனிமேல் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு இன்டர்நெட்டில் வியாபாரமாம். விளம்பரத்துக்குச் சேஃப்லிஸ்ட்டாம். "யார் சொல்லி இந்த யோசனை?" என்று கேட்டேன். "நீதான் அண்ணே! கல்யாணப் பந்தியிலே நீ சொன்னதைக் கேட்டுத்தான் மாப்பிள்ளைக்குத் தைரியமே வந்துச்சாம்" என்றான். அதோடு நான் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். மோரோடு நிறுத்திவிட்டேன் என்று பெரியம்மா சொல்லுவாள், அதை நம்பாதே.

பந்தியில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். இலையில் போளியை விரித்து அதன்மேல் பால்பாயசத்தை ஊற்றினதும், கோயம்புத்தூர்க்காரரான மாப்பிள்ளை இதை எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் முழித்தார். அவருக்குத் துணையாக இருக்கட்டுமே என்று பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினேன். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் உட்கார்ந்த இடத்திலிருந்து இமெயில் வழியாக உலகத்துக்கே சிரவை விற்றவன் நான் என்று சொன்னேன். சிரவை என்றதும் அவர் விழித்தார். நாங்கள் உட்கார்ந்து தேங்காய் துருவும் பலகைக்குத்தான் இங்கே அந்தப் பெயர் என்றேன். அமெரிக்காவில் என் சிரவை இல்லாத அடுக்களை இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். பாயசம் வேறு நன்றாக இருந்தது. மாப்பிள்ளை போளியைக் கையில் பிடித்தபடியே, "அது எப்படிங் மாமா?" என்று கேட்டார். "சேஃப்லிஸ்ட்" என்றேன். அதற்குள் ரசம் வந்துவிட்டது. ஆக, அன்றைக்கு அவர் கேட்டது சுருக்கம். விரிவு இதோ. இதைத் திங்கட்கிழமைக்கு முன்னால் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டு.

என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன் என்று சிலர் சொல்லுவார்கள். ஆனால் எட்டாம் வகுப்பையே மூன்று முறை படித்ததால் கணக்குப்படி அது பத்தாம் வகுப்பு. அதன் பிறகு சாலையில் இரும்புக்கடை. ஆணி, பூட்டு, வாளி, கயிறு, சிரவை. இந்தத் திருவனந்தபுரத்தில் என் பூட்டைத் திறக்காமல் வீட்டுக்குள் போகிற ஆள் குறைவு. கம்ப்யூட்டரும் எனக்குப் புதிதல்ல. கிழக்கே கோட்டையில் முதல் பிரௌசிங் சென்டர் திறந்த அன்றைக்கே உள்ளே போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு வந்தவன்.

நீ பி.காம். கடைசி வருஷத்தில் இருந்தபோது எனக்கு ஒரு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தாய், அதில் கடைப் பெயருக்குக் கீழே இமெயில் விலாசம். சிரவை வாங்குகிறவர்களுக்கெல்லாம் அதையும் ஒரு நூலில் கட்டிக் கொடுத்தேன். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் மெயில்தான் ஒன்றும் வரவில்லை. பிரௌசிங் சென்டரில் வேலை பார்க்கும் ஷைலஜாவிடம் வாரம் ஒருமுறை போய்ப் பெட்டியைத் திறக்கச் சொல்லுவேன். காலி. எனக்கு அது அவமானமாக இருந்தது. ஒருநாள் ஷைலஜா, "அண்ணாச்சி, மெயில் நிறைய வரணும்னா ஒரு வழி உண்டு கேட்டோ. சேஃப்லிஸ்ட்டுன்னு ஒண்ணு. அதிலே சேர்ந்தா அண்ணாச்சியோட பரஸ்யம் ஆயிரக்கணக்கான ஆளுகளுக்குப் போகும்" என்றாள். பரஸ்யம் என்றால் விளம்பரம், கேட்டோ என்றால் கேட்டீர்களா என்று உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குச் சொல்லு.

ஆயிரக்கணக்கான ஆளுக்கு, அதுவும் இலவசமாக! நான் உடனே சேர்ந்தேன். சட்டம் இதுதான்: அதில் சேருகிற ஒவ்வொருவரும், மற்றவர்கள் அனுப்பும் விளம்பரத்தை வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பதிலுக்கு அவர்கள் எல்லோருக்கும் நம் விளம்பரத்தை அனுப்பலாம். மற்றவர்களுடையதைத் திறந்து பார்த்தால் புள்ளி கிடைக்கும். புள்ளி சேர்ந்தால் இன்னும் அதிகம் அனுப்பலாம். எனக்கு இது நியாயமான ஏற்பாடாகப் பட்டது. ஷைலஜா என் தமிழை இங்கிலீஷாக்கி, "கேரளத்தின் அசல் சிரவை, ஒருமுறை வாங்கினால் பேரன் காலம் வரை" என்று அனுப்பினாள். நான் அன்றைக்கே கடைக்குப் போய்ச் சிரவைகளை எல்லாம் துடைத்து வரிசையாக நிறுத்திவிட்டேன். உலகம் வரப் போகிறதே.

மறுநாள் பெட்டியைத் திறந்தால், அம்மாடி! வரிசை வரிசையாக மெயில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா மோளே, சிரவைக்கு இவ்வளவு கிராக்கி!" என்றேன். ஷைலஜா கொஞ்ச நேரம் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது முழுக்க மத்தவங்க பரஸ்யம்தான். உடம்பு இளைக்க மருந்து, தலைமயிர் வளர எண்ணெய், வீட்டிலிருந்தே கோடீஸ்வரன் ஆகிறது எப்படின்னு புத்தகம். சிரவையைப் பத்தி யாரும் ஒண்ணும் கேக்கலை" என்றாள்.

இங்கேதான் உன் பெரியப்பாவின் குணம் தெரிய வேண்டும். சாலையில் ஒரு ஏஜென்ட் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு கடை ஏறினால், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு ஸ்டூல் போட்டு, சாம்பிளைக் கையில் எடுத்துப் பார்த்து, "இப்போ வேண்டாம், அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லி அனுப்புவது மரியாதை. பார்த்தும் பாராத மாதிரி இருக்கிறவனைக் கடைத்தெருவில் மனிதனாக யாரும் மதிக்க மாட்டார்கள். மெயிலில் வந்தால் மட்டும் வேறா? "ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுது" என்றேன்.

"எல்லாத்துக்குமா? அண்ணாச்சி, இதுக்கு யாரும் பதில் போட மாட்டாங்க!"

"அதனாலதான் அவங்க சாலையில கடை வைக்கலை. நீ எழுது."

அப்படியே எழுதினாள். உடம்பு இளைக்க மருந்து விற்கிறவருக்கு, "தங்கள் சரக்கு கண்டோம். எங்கள் வீட்டில் என் மனைவிக்கு உபயோகப்படும், ஆனால் அதைச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. தங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா?" தலைமயிர் எண்ணெய்க்காரருக்கு, "எனக்கு மயிர் தாராளமாக இருக்கிறது, மைத்துனரிடம் சொல்கிறேன்." கோடீஸ்வரர் புத்தகக்காரருக்கு, "தாங்கள் கோடீஸ்வரர் ஆனபிறகும் புத்தகம் விற்கிற பாடு படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது." எல்லாவற்றுக்கும் அடியில் சிரவையைப் பற்றி ஒரு வரி. போட்ட பதில்களில் பாதி திரும்பி வந்துவிட்டது. "அவங்க பெட்டி நிறைஞ்சு போச்சு அண்ணாச்சி, இடம் இல்லாம திருப்பி அனுப்புது" என்றாள் ஷைலஜா. வியாபாரம் அவர்களுக்கு அப்படிக் கொழிக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். இந்தப் பெட்டி நிறைகிற விஷயத்தை நீ ஞாபகத்தில் வைத்துக்கொள்.

ஒரே ஒருவர் பதில் போட்டார், உடம்பு இளைக்க மருந்துக்காரர். அமெரிக்காவில் பெரிய ஆள் என்று அவர் எழுத்திலேயே தெரிந்தது. ஷைலஜா படித்துச் சொன்னாள்: "ஐயா, நீங்கள் மனிதரா, இல்லை பதில் போடும் இயந்திரமா? நான் இந்த லிஸ்ட்டில் ரொம்ப நாளாக இருக்கிறேன். என் விளம்பரத்தைப் படித்துப் பதில் எழுதிய முதல் ஆள் நீங்கள்தான். உங்களுடையதை நான் படிக்கவில்லை, புள்ளிக்காகத் திறந்து மூடினேன். மன்னிக்கவும். சிரவை என்றால் என்ன?" எனக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது. சிரவையின் படம் வரைந்து அனுப்பச் சொன்னேன். உட்கார்ந்து செய்கிற உடற்பயிற்சிச் சாமானா என்று கேட்டார். ஆமாம் என்று எழுதச் சொன்னேன், அது பொய்யில்லை. உன் பெரியம்மாவைக் கேள். ஆனாலும் வாங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஒரு ஹர்த்தால் வந்தது. எதற்கு ஹர்த்தால் என்று இப்போது மறந்துவிட்டது, அன்றைக்கும் யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. ஆனால் சாலைக் கடைக்காரர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. நடந்தே வந்து, ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லோரும் தெருவில் நின்றோம். தெரு நிறைய ஆள், ஆனால் அத்தனை பேரும் கடைக்காரர்கள். வாங்க வந்தவன் ஒருத்தன்கூட இல்லை. எதிர்க்கடை பாத்திரக்காரர் நடராஜ பிள்ளை சும்மா நிற்க மாட்டாமல் என்னிடம் வந்தார்.

"ஓய், வீட்டுல நல்ல கிண்டி ஒண்ணு இல்லேன்னு ஒருநா சொன்னீரே. மூக்கு வச்ச வெண்கலக் கிண்டி, புதுசா வந்திருக்கு. உமக்குன்னா ஒரு விலை."

"வாங்கலாம் வே. ஆனா உம்ம கடைக்குப் பூட்டு அது என்ன பூட்டு? ஊதினா தெறந்துரும். நாலு லீவர் பூட்டு தாறேன், எடுத்துக்கிடும்."

அவர் பூட்டு வாங்கினார், நான் கிண்டி வாங்கினேன். அவர் போய்த் துணிக்கடைக்காரரிடம் ஒரு சருவம் விற்றுவிட்டு இரண்டு துவர்த்துத் துண்டு வாங்கிவந்தார். துணிக்கடைக்காரர் என்னிடம் ஒரு வேட்டியைத் தள்ளிவிட்டு வாளி வாங்கிப் போனார். சாயங்காலம் வரை தெருவே அமர்க்களம். அன்றைக்கு என் கடையில் நடந்த வியாபாரம் ஓணத்துக்கு முந்தின நாள்கூட நடந்ததில்லை. வீட்டுக்குக் கிண்டியும் வேட்டியுமாக நடந்து வந்தேன்.

பெரியம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "இஞ்ச பாருங்க, இந்தக் கிண்டி நமக்கு என்னத்துக்கு?"

"வியாபாரம்டி! இன்னைக்குப் பிய்ச்சு உதறிட்டேன்."

"வித்த துட்டு எங்க?"

"அதான் கிண்டி."

அவள் கிண்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ நீங்க வித்தீங்களா, வாங்குனீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பி.காம். படிக்காதவள். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அவள் நிற்காமல் போனதால் சொல்லவில்லை.

அந்த வாரமே கடைக்கு வித்துராவிலிருந்து ஒரு ஆள் வந்தார். மலைப்பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில். கையில் என் விசிட்டிங் கார்டு, நூல் கட்டிய ஓட்டையோடு. "இந்தக் கடைக்கார அண்ணாச்சி யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவருக்குக் கோபம்.

"என்னோட அளியன் மஸ்கட்டிலே ஹோட்டல் நடத்துறான். லீவுக்கு வந்தப்போ உங்க கடையிலே ஒரு சிரவை வாங்கிட்டுப் போனான், மெயில் விலாசத்தைக் குறிச்சுக்கிட்டு இந்தக் கார்டை என் வீட்டிலே விட்டுட்டான். இப்போ இன்னும் மூணு கிளை திறக்கிறான், எல்லா அடுக்களைக்கும் சிரவை வேணும். இந்த விலாசத்துக்கு மெயில் அனுப்பி அனுப்பிப் பார்த்தான், எல்லாம் திரும்பி வருது! கடை மூடிட்டீங்களோ, இல்லை ஆளே போயிட்டாரோன்னு போய்ப் பார்த்துட்டு வரச் சொன்னான். திறந்திருந்தா சரி, இல்லேன்னா கொல்லத்திலே ஒரு ஆளு இருக்காரு, அங்கே போகச் சொல்லியிருக்கான்."

அளியன் என்றால் மைத்துனன். அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, டீ சொல்லிவிட்டு, நான் கிழக்கே கோட்டைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன், பழவங்காடிப் பிள்ளையாருக்குக்கூட ஓடிக்கொண்டேதான் கும்பிடு போட்டேன். ஷைலஜா பெட்டியைத் திறந்தாள். இளைக்க மருந்து, மயிர் எண்ணெய், கோடீஸ்வரன், மறுபடி மருந்து, மறுபடி கோடீஸ்வரன். இலவசப் பெட்டி அவ்வளவு பெரிதில்லை அல்லவா? விளிம்பு வரை நிரம்பி, உள்ளே ஒரு எறும்புக்கு இடமில்லை. உலகத்திலேயே சிரவை வாங்க நினைத்த ஒரே மனிதர் வாசலில் நின்று கதவைத் தட்டியிருக்கிறார், உள்ளே இடமில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம். "அண்ணாச்சி, ஸாரி கேட்டோ" என்று ஷைலஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நீ ஏன் அழுறே மோளே, எல்லாத்தையும் கூட்டித் தள்ளு" என்றேன். திரும்பி வந்தபோது வித்துராக்காரர் இரண்டாவது டீயில் இருந்தார். சிரவை மஸ்கட்டுக்குப் போயிற்று. இன்றைக்கு வளைகுடாவில் தேங்காய்ச் சட்னி என்று ஒன்று இருக்கிறதென்றால் அதற்கு யார் காரணம் என்று நான் என் வாயால் சொல்ல மாட்டேன்.

இப்போது சொல்லு மகளே, அந்தச் சரக்கை விற்றுக் கொடுத்தது எது? நீ அடித்த கார்டு. நூல். ஏற்கெனவே வாங்கினவர் கையில் இருந்த ஒரு நல்ல சிரவை. சேஃப்லிஸ்ட் என்ன செய்தது? வருகிற வாடிக்கையாளரின் வழியில் மூட்டையைப் போட்டு அடைத்தது. பந்தியில் நான் இவ்வளவும் சொல்லியிருப்பேன், ரசம் குறுக்கே வந்துவிட்டது.

மாப்பிள்ளை கெட்டிக்காரர், ஒரு கேள்வி கேட்பார்: "அப்போ சேஃப்லிஸ்ட்ல யாருமே பொழைக்கலைங்களா மாமா?" பிழைத்தவர் உண்டு. அந்த ஹர்த்தால் நாளில் நாங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் விற்று முடித்துக் கணக்குப் பார்த்தால், சாயங்காலம் மடியில் நிஜமான காசோடு வீட்டுக்குப் போனது ஒரே ஆள், சைக்கிளில் டீ ஃபிளாஸ்க் கட்டிக்கொண்டு எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தவர். அவர் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. கத்திக் கத்தி எங்களுக்குத் தொண்டை வறளும் என்று தெரிந்து வந்தார். சேஃப்லிஸ்ட் நடத்துகிறவர், அதில் தங்க மெம்பர், வெள்ளி மெம்பர் என்று சீட்டு விற்கிறவர், விளம்பரம் எழுதுவது எப்படி என்று விளம்பரக்காரர்களுக்கே புத்தகம் விற்கிறவர், இவர்களெல்லாம் அந்த டீக்காரர் ஜாதி. அவர்களுக்கு அது நல்ல சந்தைதான், ஏனென்றால் அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் வேண்டிய ஒன்றை விற்கிறார்கள். சிரவைக்காரனுக்கு அங்கே வேலையில்லை. மாப்பிள்ளை என்ன விற்கப் போகிறார் என்று உன் அப்பாவைக் கேட்டேன், கோயம்புத்தூர் வீட்டு மசாலாப் பொடி என்றான். மசாலாப் பொடியும் சிரவையும் ஒரே அடுக்களைதான்.

அதனால் வியாபாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் குடும்பத்தில் யாருக்கும் அப்படிச் சொல்ல வாய் வராது. பம்பு கம்பெனிக்குப் பகலில் போகட்டும். சாயங்காலம் பொடி இடிக்கட்டும். விற்கிற ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு கார்டு கட்டட்டும், நூல் நான் அனுப்புகிறேன். பொடி தானாக அவரைக் கம்பெனியிலிருந்து இழுத்துக்கொண்டு வரும் நாளில் ராஜினாமா எழுதலாம். கையெழுத்துக்குப் பேனாகூட நான் வாங்கித் தருகிறேன். சேஃப்லிஸ்ட்டைத் தொடாமல் இருக்க முடியாதென்றால் அதற்கென்று தனியாக ஒரு பெட்டி வைத்துக்கொள்ளட்டும். நம் சொந்தப் பெட்டியில் அதை விடக் கூடாது.

இனி, தபாலில் ஏன் எழுதினேன் என்பதற்கு வருகிறேன். உன் அப்பா சொன்ன அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். எங்கேஜ். சாப்பிட்டுவிட்டுப் போட்டேன், எங்கேஜ். கோயில் போய் வந்து போட்டேன், எங்கேஜ். புதுக் கல்யாணம் ஆன வீட்டில் இவ்வளவு பேச்சு யாரிடம் என்று பெரியம்மாவுக்குக் கவலை. எனக்கு அது உறைத்தது, உங்கள் வீட்டில் கம்ப்யூட்டரும் போன் லைனில்தானே ஓடுகிறது. மாப்பிள்ளை அதில் உட்கார்ந்து புள்ளி சேர்த்துக்கொண்டிருக்கிறார். சரி என்று ஷைலஜாவிடம் போய், இந்தக் கடிதம் முழுவதையும் சொல்லி, உன் விலாசத்துக்கு மெயில் அனுப்பச் சொன்னேன். அவள் தட்டி முடித்து அனுப்பி, நான் எழுந்து செருப்பைப் போடுவதற்குள், "அண்ணாச்சி, திரும்பி வந்துடுச்சு" என்றாள். உன் பெட்டி நிறைந்துவிட்டதாம், மாப்பிள்ளை லிஸ்ட்டில் கொடுத்திருப்பது உன் விலாசத்தைத்தான் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பெரியம்மா அந்தக் கிண்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அதில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன், சனிக்கிழமைக்குள் வந்துவிடும்.

படித்து முடித்ததும் மாப்பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேள். கோபமாக இல்லாமல், காப்பி கொடுத்துவிட்டுக் கேள். "நம்ம பெட்டியிலே இத்தனை விளம்பரம் வந்து நிறைஞ்சு கிடக்கே, இதுல எதையாவது நீங்க வாங்கியிருக்கீங்களா?" அவர் இல்லை என்றால், அப்படியே கையைப் பிடித்து அழைத்துப் போய்த் திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஏற்றி விடு. ஆமாம், வாங்கியிருக்கிறேன் என்றால் மட்டும் போனைக் காலியாக வைத்து எனக்கு உடனே ஒரு தகவல் சொல்லு. அப்படி ஒரு ஆளைத்தான் நான் அந்த லிஸ்ட் முழுக்கத் தேடினேன். அவருக்கு ஒரு சிரவை விற்காமல் விடமாட்டேன்.

உன் நலம் நாடும்,
பெரியப்பா